ஒரே கணுக்கால் ஏன் மறுபடி மறுபடி சுளுக்குகிறது? கால்பந்து வீரர் ஒருவருக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர் ஓரத்தில் ஆடும் இளம் கால்பந்து வீரர். ஒரே பருவத்தில் இடது கணுக்கால் மூன்று முறை உள்நோக்கி மடங்கிச் சுளுக்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஐஸ் வைத்து, பட்டை கட்டி, வலி போனதும் ஆடத் திரும்பியிருக்கிறார். இது ஏன் விடாமல் வருகிறது, கணுக்காலை மூடும் உயரமான ஷூ போட்டால் நிற்குமா, அறுவை சிகிச்சை வரை போக வேண்டுமா என்பது அவர் கேள்வி.

வலி நிற்பதும் காயம் ஆறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. இலேசான சுளுக்கில் வலியும் வீக்கமும் ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கிவிடும். கிழிந்த ஜவ்வு, அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், இறுகுவதற்கு ஆறு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். சிலருக்கு ஒரு வருடம் கழிந்த பிறகும் மூட்டில் தளர்ச்சி மிஞ்சுகிறது. வலி போய்விட்ட, ஆனால் ஜவ்வு தயாராகாத அந்த இடைப்பட்ட காலத்தில்தான் நீங்கள் மூன்று முறையும் களத்தில் இறங்கியிருக்கிறீர்கள். கணுக்கால் சுளுக்குவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தினால் ஷூ, தரை, உடல் எடை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒன்றுதான்: அந்தக் கணுக்கால் ஏற்கெனவே ஒருமுறை சுளுக்கியிருப்பது.

ஏன் எப்போதும் உள்நோக்கியே மடங்குகிறது என்பதற்கு எலும்புகளின் அமைப்பே காரணம். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளான டிபியாவும் பிபுலாவும் கீழே வந்து இரு பக்கமும் புடைத்து நிற்கின்றன. அவற்றின் நடுவே தாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. தாலஸின் மேற்பரப்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேலே தூக்கினால் அகலமான பகுதி இரண்டு எலும்புகளுக்கும் இடையே ஆப்பு இறங்கியது போல இறுகிவிடும். விரல்கள் தரையைப் பார்க்கும்படி பாதத்தை நீட்டினால் குறுகலான பகுதி அந்த இடத்துக்கு வரும், மூட்டு தளரும். பந்தை மேற்பாதத்தால் உதைப்பதும், தலையால் முட்டிவிட்டுத் தரையிறங்குவதும் இந்தத் தளர்ந்த நிலையில்தான். போதாததற்கு, வெளிப்புடைப்பு உள்புடைப்பைவிடக் கீழே இறங்கி நிற்கிறது. வெளிப்பக்கம் பாதம் சாய்வதை அது தடுத்துவிடுகிறது. உள்பக்கம் சாய்ந்தால் தடுக்க அப்படி எலும்பு இல்லை. அந்த வேலை முழுவதும் வெளிப்பக்கத்திலுள்ள மூன்று ஜவ்வுகளின் மேல் விழுகிறது. மூன்றில் பலவீனமானது பிபுலாவிலிருந்து முன்னோக்கி வந்து தாலஸில் சேரும் ஜவ்வு. முதலில் கிழிவது அதுதான். விசை அதிகமானால் குதிகால் எலும்புக்குப் போகும் ஜவ்வும் கிழியும். பின்பக்கத்து ஜவ்வு அரிதாகத்தான் பாதிக்கப்படும்.

கால்பந்தில் இந்த மடங்கல் எப்படி நிகழ்கிறது என்பதை நார்வே ஆய்வாளர்கள் ஆட்டங்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து 2004 இல் வெளியிட்டார்கள். இரண்டு காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தன. முதலாவது, ஓடுகிறவரின் பாதம் தரையைத் தொடும் கணத்தில், அல்லது அதற்குச் சற்று முன்னால், எதிராளியின் கால் அவருடைய கீழ்க்காலின் உள்பக்கம் மோதுகிறது. கால் வெளியே தள்ளப்படுகிறது, பாதத்தின் வெளிவிளிம்பு முதலில் தரையில் இறங்குகிறது, உடல் எடை முழுவதும் அதன்மேல் சாய்கிறது. இரண்டாவது, ஷாட் அடிக்கவோ பந்தை வெளியேற்றவோ காலை வீசும்போது எதிராளியின் பாதம் குறுக்கே வந்துவிடுகிறது. மேற்பாதம் அதில் மோதி, பாதம் அளவுக்கு மேல் கீழே மடங்குகிறது. இந்த இரண்டாவது வகை கால்பந்துக்கே உரியது. வலி மூட்டின் முன்பக்கமோ பின்பக்கமோ இருக்கும், வழக்கமான இடத்தில் இருக்காது. அதனால் பலர் இதைச் சுளுக்கு என்றே எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஐரோப்பாவின் உயர்மட்ட அணிகளை 2001 முதல் 2012 வரை பின்தொடர்ந்த ஆய்வில் மொத்தக் காயங்களில் சுமார் 13 சதவீதம் கணுக்காலில் வந்தவை. அவற்றில் பாதி வெளிப்பக்க ஜவ்வுச் சுளுக்குகள். ஆட்டத்தின்போது வந்த கணுக்கால் சுளுக்குகளில் 40 சதவீதம் நடுவர் ஃபவுல் என்று ஊதியவை. இந்த எண்ணை நான் பயிற்சியாளர்களிடம் அடிக்கடி சொல்வேன். வீரரின் கவனக்குறைவு என்று அவர் தலையில் கட்டிவிடும் காயங்களில் பெரும்பங்கு, விதிகளை நடுவர் கண்டிப்புடன் நடத்தினால் குறையக்கூடியது. பின்னாலிருந்து எதிராளிக்கு ஆபத்து விளையும்படி டேக்கிள் செய்தால் சிவப்பு அட்டை என்பது 1998 உலகக் கோப்பையில்தான் உறுதியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே முடிந்துபோன பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன். கணுக்கால் காயங்களாலும் அடுத்தடுத்த அறுவை சிகிச்சைகளாலும் அவருடைய கடைசிப் போட்டி 1993 மே மாதம் மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டமாகிவிட்டது. மறுபடி ஆட முடியாமலே 1995 இல், 30 வயதில் ஓய்வை அறிவித்தார்.

இனி, ஏன் மூன்றாவது முறையும் வந்தது என்பதற்கு வருவோம். ஜவ்வு எலும்புகளைக் கட்டிப்பிடிப்பதோடு நிற்பதில்லை. பாதம் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சொல்லும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அவையும் சேதமடைகின்றன. பாதம் மடங்கத் தொடங்கியதும் அதை வெளியே இழுத்துக் காப்பாற்ற வேண்டியவை கீழ்க்காலின் வெளிப்பக்கத்திலுள்ள பெரோனியல் தசைகள். நல்ல கணுக்காலிலேயே இந்தத் தசைகள் விழித்துக்கொள்ள ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். ஜவ்வு கிழிவதற்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். ஆகவே மடங்கிய பிறகு தசை எழுந்து காப்பாற்றும் என்று நம்ப முடியாது. பாதம் தரையைத் தொடும் முன்பே தசை விறைத்துத் தயாராக இருக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரரின் கால் இதைத் தானாகச் செய்கிறது. சுளுக்கிய கால் இந்த முன்தயாரிப்பை மறந்துவிடுகிறது. ஐஸும் ஓய்வும் அதைத் திரும்பக் கற்றுத்தருவதில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். வெறுங்காலோடு, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும் இடத்தில், நல்ல காலில் மட்டும் நின்று கண்களை மூடுங்கள். யாரையாவது உங்கள் பாதத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெளிப்புடைப்புக்குப் பின்னால் தசைநாண்கள் எழும்பி அடங்கி எழும்பி அடங்கித் துடிக்கும், விரல்கள் தரையைப் பற்றும், ஆனால் உடல் நிற்கும். அடுத்து சுளுக்கிய காலில் நில்லுங்கள். பெரும்பாலும் சில நொடிகளில் இடுப்பு ஆடும், கைகள் பறக்கும், மற்ற கால் தரையைத் தொட்டுவிடும். வலி துளியும் இருக்காது. இரண்டு கால்களுக்கும் இடையே தெரியும் இந்த வித்தியாசம்தான் உங்கள் உண்மையான காயம். முதல் சுளுக்குக்குப் பிறகு பத்தில் மூன்று நான்கு பேருக்குக் கணுக்கால் நாள்பட்ட தொந்தரவாக மாறுவதற்கு முதன்மையான காரணம் இதைச் சரிசெய்யாமல் விடுவதே.

முதல் இரண்டு நாட்களில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் 1992 இல் வெளியிட்ட விதிகள் இதற்கு இன்றும் நம்பகமானவை. காயம் பட்டவுடனும் மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். வெளிப்புடைப்பின் அல்லது உள்புடைப்பின் நுனியிலோ, அங்கிருந்து 6 சென்டிமீட்டர் உயரம் வரை அதன் பின்விளிம்பிலோ, விரலால் அழுத்தும்போது எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளிவிளிம்பு வழியாகப் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனால், நடுவில் ஒரு புடைப்பு தட்டுப்படும். அங்கே வலித்தாலும், உள்வளைவின் மேலே இருக்கும் படகெலும்பில் வலித்தாலும் பாதத்துக்கு எக்ஸ்ரே வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வீக்கம் பெரிதாக இருப்பது மட்டும் முறிவின் அடையாளம் ஆகாது.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978 இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பிற்காலத்தில் அவரே ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வலி தாங்காத முதல் நாளில் துணி சுற்றிய ஐஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பதில் தவறில்லை. அது வலிக்கான மருந்து, ஆறுவதற்கான மருந்து என்று எண்ண வேண்டாம். அழுத்தக் கட்டும் உயர்த்தி வைப்பதும் வீக்கத்தைக் குறைக்கும். புதிய காயத்தை அழுத்தித் தேய்ப்பதும் திருகி இழுப்பதும் கூடவே கூடாது, உள்ளே கசியும் இரத்தம் அதிகமாகும். வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரமே காலை ஊன்றி நடக்கத் தொடங்குவது நல்லது. ஒரு மாதம் கட்டிலில் கிடந்து எழுந்தவருடைய கணுக்கால், இரண்டாம் மூன்றாம் நாளில் மெல்ல நடக்கத் தொடங்கியவருடையதைவிட மோசமாக இருப்பதைத்தான் பார்த்துவருகிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். எல்லாக் கணுக்கால் சுளுக்கும் ஒன்றல்ல. பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் உள்பக்கம் திரும்பி, பாதம் வெளிப்பக்கம் முறுக்கப்பட்டால், டிபியாவையும் பிபுலாவையும் ஒன்றோடொன்று பிணைக்கும் மேல் ஜவ்வு கிழியும். வீக்கம் குறைவாக இருக்கும், அதனால் ஏமாந்துவிடுவோம். வலி மூட்டுக்கு மேலே முன்பக்கம் இருக்கும். கெண்டைக்காலின் நடுவே இரண்டு எலும்புகளையும் சேர்த்துக் கையால் பிழிந்தால் கீழே கணுக்காலில் வலி தெறிக்கும். எழும்பி உந்தித் தள்ளி ஓட முடியாது. இது வழக்கமான சுளுக்கைவிட நீண்ட நாள் எடுக்கும். இரண்டு எலும்புகளும் விலகியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படும். இந்த அறிகுறிகள் இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் விளையாட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். வழக்கமான சுளுக்கு என்று வைத்துக்கொண்டால், நான் முதலில் பார்ப்பது மூட்டு மேலே மடங்கும் அளவை. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். எவ்வளவு தூரம் பின்னால் தள்ளி நின்றும் தொட முடிகிறது என்று பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே அளந்து, மற்ற காலோடு ஒப்பிடுங்கள். சுளுக்கிய கால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்தங்கியிருப்பது சாதாரணம். இந்த இறுக்கத்தை விட்டுவிட்டால் தாலஸின் அகலமான பகுதி தன் இடத்தில் வந்து உட்காரவே உட்காராது. மூட்டு எப்போதும் தளர்ந்த பாதியிலேயே வேலை செய்யும். அடுத்தது பலம். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவதை இரண்டு கால்களிலும் ஒரே எண்ணிக்கை வரும்வரை செய்ய வேண்டும். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சி பெரோனியல் தசைகளுக்கு. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளையும் விடக் கூடாது, அவை தளர்ந்தால் பாதம் தரையிறங்கும் இடமே தவறிப்போகும்.

நான் அதிக நேரம் ஒதுக்குவது சமநிலைப் பயிற்சிக்குத்தான். ஒற்றைக் காலில் நிற்பதில் தொடங்கி, கண்ணை மூடி நிற்பது, மெத்தென்ற பரப்பில் நிற்பது, ஆடும் பலகையில் நிற்பது என்று ஏற வேண்டும். ஆனால் வெறும் பலகையில் அசையாமல் நிற்கக் கற்றவர் ஆட்டத்துக்குத் தயாராகிவிடவில்லை. ஆட்டத்தில் அவர் கவனம் கணுக்காலில் இருக்காது, பந்தில் இருக்கும். ஆகவே ஒற்றைக் காலில் நின்றபடியே மற்ற காலால் பந்தைத் திருப்பி அனுப்புங்கள், தலையால் முட்டுங்கள். ஒருவர் தோளில் இலேசாக இடித்துத் தள்ளட்டும், நீங்கள் நிலைகுலையாமல் பாஸ் கொடுங்கள். பிறகு ஒற்றைக் காலில் முன்னே, பக்கவாட்டில், குறுக்கே தாவி இறங்குங்கள். பிறகு எட்டு வடிவ ஓட்டம், திடீர்த் திருப்பம், முழு வேகத்தில் நிறுத்தம். ஓர ஆட்டக்காரர் என்பதால் ஓடிக்கொண்டே கிராஸ் அடிப்பதைக் கடைசியில் சோதிக்க வேண்டும். வலது காலால் அடிக்கும்போது இடது கால்தான் ஊன்றும் காலாக இருந்து உடல் முழுவதையும் தாங்குகிறது.

எப்போது திரும்பலாம் என்பதற்கு நாள் கணக்கு கேட்காதீர்கள். வலி, மூட்டு மடங்கும் அளவு, பலம், சமநிலை, தாவல் ஆகியவற்றில் இரண்டு கால்களும் கிட்டத்தட்டச் சமமாக வந்து, அணியோடு முழுப் பயிற்சியைத் தயக்கமில்லாமல் முடித்து, மறுநாள் காலை வீக்கம் வராமல் இருந்தால் திரும்பலாம். 'தயக்கமில்லாமல்' என்பதைக் கவனியுங்கள். டேக்கிள் வரும்போது காலை இழுத்துக்கொள்கிற வீரர் இன்னும் தயாராகவில்லை, அளவுகள் எல்லாம் சரியாக இருந்தாலும்.

'நெய்மார் சில நாட்களில் திரும்பினாரே' என்று சிலர் கேட்பதுண்டு. 2022 உலகக் கோப்பையில் நவம்பர் 24 அன்று செர்பியாவுக்கு எதிராக அவருடைய வலது கணுக்கால் சுளுக்கியது. டிசம்பர் 5 அன்று தென் கொரியாவுக்கு எதிராக ஆடி பெனால்டியில் கோலும் அடித்தார். உண்மைதான். 2023 பிப்ரவரியில் அதே வலது கணுக்கால் மறுபடி காயம்பட்டு, மார்ச்சில் தோஹாவில் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பதும் உண்மை. 2019 இல் அதே கணுக்கால் ஜவ்வு கிழிந்துதான் கோபா அமெரிக்காவைத் தவறவிட்டிருந்தார். ஒன்றுக்கு இன்னொன்றுதான் காரணம் என்று வெளியிலிருந்து சொல்வது நியாயமல்ல. ஆனால் உலகக் கோப்பைக்காக, தன்னைச் சுற்றி மருத்துவர் குழுவை வைத்துக்கொண்டு ஒருவர் எடுத்த முடிவு உங்கள் அடுத்த வார ஆட்டத்துக்கு முன்மாதிரி ஆகாது. 2024 ஜூலையில் கோபா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் கணுக்கால் காயத்தோடு வெளியேறிய மெஸ்ஸி, செப்டம்பர் நடுவில்தான் களத்துக்குத் திரும்பினார். அவருக்கும் இரண்டு மாதம் தேவைப்பட்டது.

உயரமான ஷூவைப் பற்றி: கணுக்காலை மூடும் துணிப் பகுதி சுளுக்கைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதற்குச் செலவு செய்வதைவிட, ஷூவின் அடியிலுள்ள குமிழ்களான ஸ்டட்களின் நீளம் தரைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். உலர்ந்த, கெட்டியான தரையில் நீண்ட ஸ்டட் பாதத்தைப் பூட்டிவிடும், உடல் மட்டும் திரும்பும். பிரேஸின் கதை வேறு. பக்கவாட்டில் விறைப்பான பட்டிகள் கொண்ட பிரேஸை 1994 இல் தென்னாப்பிரிக்கக் கால்பந்து வீரர்களிடம் சோதித்தபோது, முன்பு சுளுக்கியவர்களுக்கு மறுசுளுக்கு கணிசமாகக் குறைந்தது. ஒருபோதும் சுளுக்காதவர்களுக்குப் பெரிய பயன் தெரியவில்லை. நீங்கள் முதல் வகை. ஆகவே திரும்பிய பிறகு குறைந்தது ஆறு மாதமாவது பயிற்சியிலும் ஆட்டத்திலும் பிரேஸ் அணியுங்கள். அதனால் தசை பலவீனமாகிவிடும் என்ற பயம் தேவையற்றது. டேப்பும் உதவும், ஆனால் ஓடி வியர்க்க வியர்க்க அதன் பிடி தளர்ந்துவிடும், நன்றாகச் சுற்றத் தெரிந்தவரும் வேண்டும். சாதாரண எலாஸ்டிக் பட்டை வீக்கத்துக்கு ஆறுதல் தரும், மடங்கும் பாதத்தை அது பிடித்து நிறுத்தாது.

வலி தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டு ஆடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மரத்துப்போன கணுக்கால் தன் நிலையைச் சொல்லும் கடைசி வழியையும் இழந்துவிடுகிறது. ஆட்டம் முடிந்து மரப்பு விலகும்போது பாதி கிழிந்த ஜவ்வு முழுதாகக் கிழிந்திருக்கலாம்.

அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, ஜவ்வு முழுவதும் கிழிந்திருந்தாலும் முதல் மருந்து பயிற்சிதான். மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்த பிறகும் சமதரையில் நடக்கும்போதே கால் பிசகுகிறது என்றால் மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து அறுவை மருத்துவரிடம் பேசுங்கள். ஸ்வீடனின் ப்ரோஸ்ட்ரோம் 1966 இல் விவரித்த, கிழிந்த ஜவ்வைச் சுருக்கித் தைக்கும் முறை சில மாற்றங்களோடு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. பிசகல் இல்லாமல், மூட்டின் ஆழத்தில் வலியும் சிக்கிக்கொள்ளும் உணர்வும் தொடர்ந்தால் தாலஸின் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம். பாதத்தை மேலே மடக்கும்போது முன்பக்கம் குத்தினால், பல வருடம் ஆடியவர்களிடம் காணப்படும் எலும்பு முளைகளாக இருக்கலாம். இதைக் கால்பந்து வீரரின் கணுக்கால் என்றே மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. பந்து அதே இடத்தில் மோதி மோதி ஏற்படும் சிறு காயங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த இரண்டும் சுளுக்குச் சிகிச்சையால் தீராது, தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் அணிக்கு. ஃபிஃபாவின் 11+ என்ற வார்ம்-அப் முறையில் ஓட்டம், பலம், சமநிலை, தாவல் எல்லாம் 15 பயிற்சிகளாக 20 நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கருவிகள் தேவையில்லை. வாரம் இரண்டு முறையாவது தொடர்ந்து செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. 'தொடர்ந்து' என்பதில்தான் எல்லா அணிகளும் கோட்டை விடுகின்றன. பருவத்தின் முதல் மாதம் ஒழுங்காக நடக்கும், பிறகு மைதானத்தைச் சுற்றி இரண்டு ஓட்டமாகச் சுருங்கிவிடும். உங்கள் பயிற்சியாளரிடம் இதைப் பேசுங்கள். அவர் கேட்காவிட்டாலும், அணி கூடுவதற்கு முன் வந்து நீங்கள் மட்டுமாவது ஒற்றைக் கால் பயிற்சிகளை முடித்துவிடுங்கள். நாளைக்குச் சுவர் அளவையும் கண்மூடி நிற்கும் நேரத்தையும் இரண்டு கால்களுக்கும் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து எழுதுங்கள். அந்த எண்களைப் பார்த்து அடுத்த கட்டப் பயிற்சியைச் சொல்கிறேன்.